ஓடிவந்தவர்களின் வீடு

1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் லவிங் என்ற தம்பதியின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கணவர் வெள்ளையர், மனைவி கறுப்பினப் பெண். அவர்கள் சேர்ந்து வாழ்வதே வர்ஜீனியாவில் குற்றமாக இருந்தது. தீர்ப்பு வந்த நாளில் 16 மாநிலங்களில் இத்தகைய தடைச் சட்டங்கள் இருந்தன. அத்தனையும் அன்றே செல்லாமல் போயின. அதே ஆண்டு மார்ச்சில் முதலமைச்சரான அண்ணா, ஐயரும் மந்திரமும் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத் தகுதி கொடுத்தார். 1950-களில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிய திருமண முறை அது. இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவாகச் சேர்ந்து 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

யார் யாரை மணக்கலாம் என்ற கேள்விக்கு இரண்டு ஊர்களிலும் சட்டம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடை சொல்லிவிட்டது. மணந்தவர்கள் எந்தத் தெருவில் குடியிருப்பார்கள், மாமியார் வீட்டில் எந்தச் சொம்பில் தண்ணீர் கிடைக்கும், பிள்ளை பிறந்தால் பார்க்க யார் வருவார்கள் என்பதெல்லாம் சட்டத்தின் கணக்கில் வருவதில்லை. அந்தக் கணக்கை எழுதுவது நாவலின் வேலை. அமெரிக்க நாவல்கள் அதை எழுதிவருகின்றன. தமிழ் நாவல்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டிய நேரம் இது.

அமெரிக்காவிலிருந்து இரண்டு நூல்களை எடுத்துக்கொள்ளலாம். டயாரி ஜோன்ஸ் எழுதி 2018-இல் வெளியான ‘ஆன் அமெரிக்கன் மேரேஜ்’ அடுத்த ஆண்டே பெண்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்றது. ராய், செலஸ்டியல் இருவரும் கறுப்பினத்தவர், படித்தவர்கள், அட்லாண்டாவில் வசதியாக வாழத் தொடங்கிய புதுமணத் தம்பதி. செய்யாத குற்றத்துக்காக ராய்க்கு 12 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்படுகிறது. ஐந்து ஆண்டுகளில் விடுதலையாகி வரும்போது மனைவியின் வாழ்வில் இன்னொருவர் இருக்கிறார். சிறைக்கும் வீட்டுக்கும் இடையே போய்வரும் கடிதங்களில் ஒரு தாம்பத்தியம் மெல்லக் கரைவதை ஜோன்ஸ் காட்டுகிறார். இனவெறி கொண்ட ஓர் அமைப்பு தம்பதியின் படுக்கையறைவரை வந்து நிற்கிறது. கதையில் முதன்மையாக இருப்பதோ அவர்கள் மூவரின் மனம்தான்.

இன்னொன்று செலஸ்ட் இங் எழுதிய ‘எவ்ரிதிங் ஐ நெவர் டோல்ட் யூ’ (2014). சீன வம்சாவளியில் வந்த ஆசிரியர் ஜேம்ஸ், வெள்ளைக்காரப் பெண் மேரிலின் இருவரின் திருமணம் 1958-இல் நடக்கிறது. நிஜத்தில் லவிங் தம்பதி மணந்த ஆண்டும் அதுவே. மேரிலினின் தாய் இது சரியல்ல என்று சொல்லிவிட்டுப் போகிறார். பிறகு மகளும் தாயும் சந்திப்பதே இல்லை. ஆனால் நாவலின் எடை இந்தக் கல்யாணத்தில் இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து ஒஹாயோவின் சிற்றூர் ஒன்றில் அவர்களின் மூன்று பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள், பெற்றோர் பேசாமல் விட்டதெல்லாம் நடு மகளின் தலையில் எப்படி இறங்குகிறது என்பதே கதை. மணக்க முடியுமா என்ற கேள்வியை அமெரிக்க நாவல் தாண்டிவிட்டது. மணந்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் அது நிற்கிறது. நாட்டின் நிலையும் அப்படி மாறியிருக்கிறது: ப்யூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி புதுமணத் தம்பதிகளில் இனம் கடந்து மணந்தவர்கள் 1967-இல் நூற்றுக்கு 3 பேர், 2015-இல் 17 பேர்.

இந்தியாவில் சாதி கடந்த திருமணம் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் இருப்பதாக 2011-12 இந்திய மனித வளர்ச்சி ஆய்வு சொன்னது. இனமும் சாதியும் ஒன்றா என்ற விவாதம் பழையது. 1916-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் வாசித்த கட்டுரை, சாதியின் உயிர்நாடி அகமண முறைதான் என்று நிறுவியது. அமெரிக்க எழுத்தாளர் இசபெல் வில்கர்சன் 2020-இல் ‘காஸ்ட்’ என்ற நூலில் தம் நாட்டு இனப் பாகுபாட்டைச் சாதி என்றே அழைத்தார். சாதியைத் தாங்கும் தூண்களில் ஒன்றாக மணத் தடையை வைத்தார். யார் எந்த வீட்டுக்கு மருமகளாகப் போகலாம் என்ற கட்டுப்பாடு இரண்டு நாடுகளிலும் ஒரே வேலையைச் செய்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதில் தயக்கம் தேவையில்லை.

இனம் கடந்த தாம்பத்தியம் தென்சென்னைப் புறநகருக்குப் புதிதும் அல்ல. 1687-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், உள்ளூர்ப் பெண்களை மணக்கும் படைவீரர்களின் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெறும்போது தாய்க்கு ஒரு பகோடா கொடுக்கச் சொன்னார்கள். நூறாண்டு கழித்து, 1791-இல், அதே கம்பெனி இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களை உயர்பணிகளிலிருந்து விலக்கியது. ஆள் தேவைப்பட்டபோது வரவேற்ற உறவை, அதிகாரம் நிலைத்ததும் ஒதுக்கினார்கள். அந்த வழியில் வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு பலர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று கிளம்பினார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 366-ஆம் பிரிவு தந்தைவழி ஐரோப்பியராக இருந்தால் மட்டுமே ஒருவரை ஆங்கிலோ இந்தியர் என்கிறது. தாய்வழி கணக்கில் இல்லை. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் அவர்களுக்கு இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிந்தன. பல்லாவரத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்றை நடுவில் வைத்து மூன்று தலைமுறைக் கதை சொல்லும் நாவல் தமிழுக்குப் பெரிய வரவாக இருக்கும்.

தொடக்கம் மட்டும் வெகு முன்பே நடந்திருக்கிறது. அ. மாதவையா சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். கல்லூரி அப்போது பாரிமுனைப் பக்கத்தில் இருந்தது. 1937-இல்தான் தாம்பரம் சேலையூர்க் காட்டில் 365 ஏக்கர் வளாகத்துக்கு வந்தது. 1915-இல் மாதவையா ஆங்கிலத்தில் எழுதிய ‘கிளாரிந்தா’, பதினெட்டாம் நூற்றாண்டில் பாளையங்கோட்டையில் வாழ்ந்த மராத்தியப் பிராமண விதவை ஒருவரையும் லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியையும் பற்றியது. உண்மையில் வாழ்ந்த பெண் அவர். உடன்கட்டையிலிருந்து அவரை லிட்டில்டன் காப்பாற்றினார் என்பது வழிவழிச் செய்தி. முறைப்படி மணம் ஆகாமல் லிட்டில்டனுடன் வாழ்ந்ததால் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் அவருக்கு முதலில் ஞானஸ்நானம் தர மறுத்தார், 1778-இல் தந்தார். 1785-இல் கிளாரிந்தா முயற்சியில் எழுந்த கோயில் பாளையங்கோட்டையில் இன்றும் இருக்கிறது. பிராமணச் சமூகமும் ஒதுக்கி, சபையும் வாசலில் நிறுத்திய ஒரு பெண்ணின் வாழ்வை நாவலாக்கும் துணிச்சல் மாதவையாவுக்கு இருந்தது. தமிழ் வாசகர் அதை இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.

பிறகு வந்த தமிழ் நாவல்களில் மணமும் குடும்ப நெருக்கடியும் வேறு வேறு கோணங்களில் வருகின்றன. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) ஒரே சமூகத்துக்குள் பனையேறிக் குடும்பத்து இளைஞனை விரும்பும் லிஸியின் காத்திருப்பு. குடும்பப் பெருமை பேசும் வீடு ஒரு பெண்ணின் இளமையை எப்படி விழுங்குகிறது என்பதை அதைவிட மென்மையாகச் சொன்ன நாவல் குறைவு. ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ (1989) அடுத்த பெரிய எட்டு. இரண்டு மனைவியருடன் வாழும் தலித் தலைவர் காத்தமுத்துவின் வீட்டுக்கு, அடிபட்டு உதவி கேட்டு வருகிறாள் தங்கம் என்ற தலித் விதவை. கடைசியில் அந்த வீட்டிலேயே மூன்றாமவளாகத் தங்கிவிடுகிறாள். சாதி, சொத்து, ஆண் அதிகாரம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் மோதுவதை மகள் கௌரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாதி கடந்த உறவு என்றாலே விடுதலை என்று நம்பும் வாசகரை சிவகாமி நிறுத்தி யோசிக்க வைக்கிறார். தலித் வீட்டுக்குள்ளும் பெண் எங்கே நிற்கிறாள் என்று அவர் கேட்டது அன்று பலருக்குக் கசந்தது. நாவலின் பலமே அந்தக் கேள்விதான்.

2012-க்குப் பிறகு தமிழ்ப் புனைகதையின் குரல் மாறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் இமையம் ‘பெத்தவன்’ என்ற நெடுங்கதையை வெளியிட்டார். தலித் இளைஞனை விரும்பும் மகளைக் கொன்றுவிடும்படி ஊர் ஒரு தகப்பனுக்குக் கட்டளையிடுகிறது. அவர் மகளைத் தப்பவைத்து அனுப்பிவிட்டுத் தான் விஷம் குடிக்கிறார். இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 7 அன்று, தருமபுரி நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை முன்வைத்து தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. மணமகளின் தந்தை அதற்கு முன் தற்கொலை செய்துகொண்டிருந்தார். 2013 ஜூலை 4 அன்று மணமகன் இளவரசனின் உடல் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த ‘பூக்குழி’யைப் பெருமாள்முருகன் இளவரசனுக்குக் காணிக்கையாக்கினார்.

‘பூக்குழி’யை நிதானமாகப் படிக்க வேண்டும். சோடாக் கடையில் வேலை பார்த்த குமரேசன், தான் வேலைக்குப் போன ஊரில் விரும்பிய சரோஜாவைத் தன் கிராமத்துக்குக் கூட்டிவருகிறான். பாறைமேல் ஒற்றைக் குடிசை. மாமியார் மாராயி ஒப்பாரி வைத்தே மருமகளை வதைக்கிறாள். வந்து பார்க்கும் பெண்கள் சரோஜாவின் சிவந்த நிறத்தைத் தொட்டுத் தடவி, இவள் நம்ம சனம் இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். சரோஜாவின் சாதி என்னவென்று நாவல் முழுக்கச் சொல்லப்படுவதே இல்லை. எந்தச் சாதி என்று தெரியாமலே ஒரு ஊர் ஒரு பெண்ணை வெறுக்க முடியும் என்பதுதான் இதில் நடுங்கவைக்கும் உண்மை. அமெரிக்க வாசகருக்கு நிறம் முதலில் தெரிந்துவிடும், வெறுப்பு பின்னால் வரும். இங்கே வெறுப்பு முன்னால் வந்து நிறத்தைச் சாட்சிக்கு அழைக்கிறது. அநிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அந்த இடத்தை எட்டிய முதல் தமிழ் நாவல் இது.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ (2018) இன்னும் கடினமான இடத்துக்குப் போகிறது. தலைமையாசிரியர் மகள், பொறியியல் படித்த ரேவதி, பர்மாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ரவியை அடம்பிடித்து மணக்கிறாள். நாவலின் பெரும்பகுதி புதுச்சேரி ஜிப்மரின் தீக்காயப் பிரிவில் நடக்கிறது. பெற்றோரின் எதிர்ப்பு சரியா, மகளின் பிடிவாதம் சரியா என்று தீர்ப்பளிக்காமல், மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் ஒவ்வொருவரின் குற்ற உணர்வையும் இமையம் பேசவிடுகிறார். எதிர்த்துக் கல்யாணம் செய்தவள் கஷ்டப்பட்டாலும் பிறந்த வீட்டில் வாய்திறந்து சொல்ல முடியாது. நீயாகத் தேடிக்கொண்டதுதானே என்ற ஒரு சொல்லுக்கு அவளிடம் பதில் இருக்காது. கொலை செய்யாத குடும்பங்களும் பெண்ணை இப்படித்தான் கைவிடுகின்றன. 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது இந்த நாவலுக்குக் கிடைத்தது. கல்யாணத்துக்குப் பிந்தைய ஆண்டுகளை நேர்நின்று பார்த்த தமிழ் நாவல் எது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் இவற்றில் பல கதைகள் கிராமத்தில் நடக்கின்றன. பல கதைகள் சாவில் போய் நிற்கின்றன. இதற்கு எழுத்தாளரைக் குறை சொல்ல முடியாது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதை நாடே காமிராவில் பார்த்தது. 2025 ஜூலையில் திருநெல்வேலியில் மென்பொருள் பொறியாளர் கவின் கொல்லப்பட்டார். கொலை நின்றால்தானே எழுத்தாளர் அடுத்த அத்தியாயத்துக்குப் போக முடியும்?

தப்பியவர்கள் எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் சென்னைக்கு. 2004-இல் வந்த ‘காதல்’ படத்தின் மதுரை ஜோடியும் சென்னைக்குத்தான் ஓடிவருகிறது. தென்மாவட்ட ரயில்களுக்குத் தாம்பரம், பேருந்துகளுக்கு முன்பு பெருங்களத்தூர், 2023 டிசம்பர் இறுதியிலிருந்து கிளாம்பாக்கம் என்று ஊரிலிருந்து வருபவருக்குச் சென்னை தொடங்குவதே இந்தப் புறநகரில்தான். வாடகை நகரத்துக்குள் இருப்பதைவிடக் குறைவு. மெப்ஸ் தொழிற்கூடங்களும் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களும் இருப்பதால் இருவருக்கும் வேலை கிடைக்க வழி உண்டு. சேலையூர், சிட்லப்பாக்கம், மேடவாக்கம் சந்துகளில் யார் எந்த ஊர் என்று கேட்க ஆளில்லை என்ற நம்பிக்கையில் வந்து சேர்கிறார்கள்.

கேட்க ஆள் இருக்கிறது. வீடு பார்க்கப் போனால் அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்கு முன்பே, நீங்க என்ன ஆளுங்க என்ற கேள்வி வந்துவிடும். சைவமா என்று சுற்றிவளைத்துக் கேட்பவரும் உண்டு. கணவனின் பெயரைச் சொன்னால் ஒரு வீடும் மனைவியின் அப்பா பெயரைச் சொன்னால் இன்னொரு வீடும் கிடைக்கிற நிலையில், எதைச் சொல்வது என்று படியேறும்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வளைகாப்புக்கு ஆள் கூட்ட வேண்டும். பக்கத்து வீட்டு அக்காதான் தாய்வீடு. இந்த வாழ்க்கையில் நாவலுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது.

புறநகர் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் எப்போதும் பலிப்பதில்லை. 2024 பிப்ரவரியில், தாம்பரம் மாநகரக் காவல் எல்லைக்குள் வரும் பள்ளிக்கரணையில், சில மாதங்களுக்கு முன் வேறு சாதிப் பெண்ணை மணந்திருந்த 26 வயது தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் சகோதரர் உள்ளிட்டவர்கள் கைதானார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பக்கத்திலேயே மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் ஊர் அது. கிராமம் மட்டுமே கொல்லும் என்று இனி யாரும் எழுத முடியாது.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தின் (1954) கீழ் பதிவுசெய்ய முப்பது நாள் முன்னறிவிப்பு ஒட்டப்படும். ஓடிவந்தவர்களுக்கு அந்த முப்பது நாள்தான் ஆபத்து. அதனால் பலர் 7-ஏ பிரிவை நாடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இத்தகைய திருமணத்துக்கு ஊரறியச் சடங்கு வேண்டியதில்லை என்று தெளிவாக்கி, 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் எடுத்த மாறான நிலையை நீக்கியது. ஆணவக் கொலைகளுக்கு எதிராகத் தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என 2025 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. அந்த ஆணையம் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களை மட்டும் கேட்டால் போதாது. பிழைத்து, வாடகை வீட்டில் பத்து வருடம் ஓட்டியவர்களையும் கேட்க வேண்டும்.

அவர்களின் பிள்ளைகளையும்தான். அமெரிக்கக் கதையில் பேசத் தொடங்கியது பிள்ளைகளே. 1958-இல் பத்தொன்பது வயதில் பெர்க்லிக்குப் படிக்கப் போன ஷியாமளா கோபாலன், 1963-இல் ஜமைக்காவைச் சேர்ந்த டொனால்ட் ஹாரிஸை மணந்தார், மணமுறிவு வந்தது. மகள் கமலா ஹாரிஸ், பெசன்ட் நகரில் குடியிருந்த தாத்தாவுடன் கடற்கரையில் நடந்த நாட்களையும், இரண்டு மகள்களையும் கறுப்பினப் பெண்களாகவே தாய் வளர்த்ததையும் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். தாய் எடுத்த முடிவை மகள் பொதுவெளியில் வைத்து விளக்குகிறார்.

தமிழ்நாட்டில் சாதி கடந்து மணந்தவர்களின் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவரின் சாதியைச் சான்றிதழில் வாங்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால், 2019-இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ. சினேகா சாதி மதமற்றவர் என்ற சான்றிதழ் வாங்கியதைப் போல வருடக்கணக்கில் போராட வேண்டும். பள்ளியில் சேரும்போது அப்பாவும் அம்மாவும் எடுத்த முடிவோடு அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகிறது. பிறகு கல்யாண வயது வருகிறது. 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் வேலை பார்த்த முருகவேல் ஜானகிராமன் அங்கிருந்த தமிழர்களுக்காகத் தொடங்கிய இணையதளத்தில் முளைத்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த பாரத் மேட்ரிமோனியில் சாதிக்கொரு தனித்தளம் இருக்கிறது. தொண்ணூறுகளில் தாம்பரத்தில் வந்து இறங்கிய ஒரு ஜோடி இன்று தன் மகளுக்கு வரன் தேடினால் எந்தத் தளத்துக்குள் நுழையும்? அந்தக் கேள்வி வீட்டுக்குள் எழும்போது, இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேசாமல் வைத்திருந்தது எவ்வளவு வெளியே வரும்? சிட்லப்பாக்கத்திலோ சேலையூரிலோ வளர்ந்த மகள் ஒருத்தி இதை எழுத வேண்டும். அவளுக்குத் தாத்தா பாட்டியின் முகம் தெரிந்திருக்காது. வீட்டுக்காரர் என்ன கேட்டார், அம்மா என்ன பதில் சொன்னாள் என்பது சொல்லுக்குச் சொல் தெரிந்திருக்கும்.